மைனசுக்கும் பொட்டு

என் ஒன்றுவிட்ட அக்கா தையலம்மாளின் மகள் விஜயகுமாரி. அவள் புருஷன் கண்ணையன் வில்லியனூரில் அம்பாசடர் டாக்சி ஓட்டினான். எண்பத்தைந்தாம் வருஷம் வண்டி டிக்கியில் இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள் வைத்தான். ஊர்வலத்தில் தவில் அதிர வேண்டும், அதே ஸ்டாண்டில் ஓட்டும் சூசைநாதன் டாக்சியை யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது, அதுதான் அவன் ஆசை.

ஒயர் கொடுத்தவர் மைக்செட் ஹமீது. மின்தடை நாலு ஓமுக்குக் குறைந்தால் ஆம்ப்ளிஃபயர் கருகிவிடும் என்று, எட்டு ஓம் ஸ்பீக்கர் இரண்டையும் பேரலலாகச் சேர்த்துச் சரியாக நாலுக்குக் கொண்டுவந்தார். பிளஸ் முனையில் மட்டும் சிவப்புப் பெயிண்டில் பொட்டு வைத்து, சிவப்பு ஒயர் அங்கே போக வேண்டும் என்றார்.

ஆயுத பூஜைக்குக் கண்ணையன் ஸ்பீக்கர்களைக் கழற்றிச் சாமி படத்துக்கு முன் வைத்தான். விஜயகுமாரி ஜாக்கி, ஸ்பேனர் எதையும் விடாமல் குங்குமம் வைத்தாள்.

மறுநாள் திரும்ப மாட்டினான். தவில் தகர டப்பா மாதிரி கேட்டது. அரியூர் சிவப்பிரகாசம், மகள் கல்யாணத்துக்கு வண்டி பார்க்க அன்றைக்குத்தான் வருவதாக இருந்தார்.

"இன்னா மச்சான், தவிலுக்கு வயித்தால போவுதா?" என்றான் சூசைநாதன்.

கண்ணையன் ஓடிப்போய் ஹமீதை இழுத்து வந்தான். அவர் ஒரு ஸ்பீக்கரைக் கழற்றினார். மற்றது திம்மென்று அடித்தது. இரண்டையும் சேர்த்தார், தவில் செத்துப்போனது.

"ஒண்ணு தள்ளுது, ஒண்ணு இழுக்குது" என்று குனிந்து பார்த்தார். நாலு முனையும் சிவப்பு.

"தங்கச்சி, மைனசுக்கும் பொட்டு வெச்சியா?"

"ஒண்ணுக்கு வெச்சிட்டு ஒண்ண மூளியா வுட சொல்றீங்களா பாய்?"

ஹமீது டார்ச் பேட்டரியின் பிளஸ்ஸைச் சிவப்பு ஒயரிலும் மைனசைக் கறுப்பு ஒயரிலும் தொட்டார். ஒரு ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு முன்னால் எழும்பியது, இன்னொன்று உள்ளே போனது. உள்ளே போனதன் ஒயரை மாற்றிப் போடவும் சிவப்பிரகாசம் வரவும் சரியாக இருந்தது.

அவர் பின்சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தார். கண்ணையன் கேசட்டைத் தட்டினான். மனுஷர் துள்ளி வெளியே வந்து விழுந்தார்.

"யார்ரா முதுகுல குத்தினது?"

"தவிலுங்க."

முதுகைத் தடவிக்கொண்டார். "மாப்பிள்ளை சின்ன வயசு, தாங்குவாரு. அவருக்கு இந்த வண்டி." சூசைநாதனைப் பார்த்தார். "உன் வண்டியில பாட்டு கீதா?"

"இல்லீங்க."

"அப்போ நான் உன்னோட வரேன். நூறு அடி தள்ளி வா."

ஊர்வலத்தன்று சூசைநாதன் வழிநெடுக அந்தத் தவிலைக் கேட்டுக்கொண்டே பின்னால் ஓட்டினான்.