ஏற்காட்டுப் பனியில் என் வலது காது

என் கையெழுத்து கோணலும் மாணலுமாக இருக்கும், மன்னிக்க வேண்டும். எழுத்துப் பிழையும் இருக்கும். எங்கே பெரிய ற, எங்கே சின்ன ர என்பது ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு இன்னும் குழப்பம்தான். நாலு பேர் முன்னால் வாய் திறந்து சொல்லக் கூச்சம். அதனால் எழுதுகிறேன்.

எனக்கு வலது காது கேட்காது. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷினில் தகடு அடிக்கிற வேலை. காது கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. ஒரு காது போனால் சத்தம் பாதியாகக் குறையும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்படி இல்லை. சத்தம் கேட்கும். எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதுதான் தெரியாது. என் மனைவிக்கு மட்டும் இந்த விஷயம் தெரியும். நான் வருஷா வருஷம் புதுப்பிக்கிற கான்ட்ராக்ட் ஆள். எங்கள் லைனில் இன்னொருவருக்குக் காது மந்தம் என்று தெரிந்ததும், அடுத்த ஜனவரியில் அவருக்குப் புது கேட் பாஸ் வரவில்லை.

டிசம்பர் கடைசியில் லைனை நிறுத்தி மெயின்டனன்ஸ் பார்ப்பார்கள். அந்த லீவில் எல்லோரும் குடும்பத்தோடு ஏற்காடு போகலாம் என்று ஏற்பாடு செய்தவர் எங்கள் சூப்பர்வைசர். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், என்னைவிட வயதில் சின்னவர். யாரை ஜனவரியில் மறுபடி எடுக்கலாம் என்று மேலே சொல்கிறவரும் அவர்தான். நான் வரவில்லை என்று சொல்லப் பார்த்தேன். என் மனைவி விடவில்லை.

"பேசுனா வாயில பொக வர்ற குளிர நான் எப்பதான் பாக்குறது? நான் உங்க வலது கைப்பக்கமே குந்திக்கினு வரேன். யாராச்சும் பேசுனா முழங்கையால இடிக்கிறேன். திரும்பிக்கங்க."

ஒரகடம் கூட்ரோட்டில் வேன் ஏறினோம். பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால் என்று உட்கார்ந்தார்கள். நான் மட்டும் மனைவியோடு நடுவில். பிள்ளைப்பாக்கத்திலிருந்து வந்திருந்த என் மெஷின் கூட்டாளி விடுவானா?

"யோவ், இன்னாபா, கல்யாணம் ஆயி இருவது வருசம் ஆவுது, இன்னும் முந்தானையப் புட்சிகினு வர்ற?"

வேனே சிரித்தது. நானும் சிரித்தேன். என் மனைவியின் முழங்கை என் விலாவிலேயே இருந்தது.

மலையில் மற்றவர்கள் குளிரை அனுபவித்தார்கள். சுடச்சுட மிளகாய் பஜ்ஜி, ஏரியில் படகு, காபித் தோட்டத்தில் நின்று போட்டோ. நான் யார் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். மிதி படகில் இரண்டு பேர்தான் உட்கார முடியும். சூப்பர்வைசர் என் வலது பக்கம் ஏறிவிட்டார். ஏரியைச் சுற்றி வரும்வரை ஏதோ பேசிக்கொண்டே வந்தார். சுற்றி ஓடிய மோட்டார் படகுகளின் இரைச்சலில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். இறங்கியதும், "என்னண்ணே, கேட்டதுக்குப் பதிலே இல்ல, தலைய மட்டும் ஆட்டுதீய?" என்றார். குளிர் என்று சொல்லிச் சமாளித்தேன்.

சாயங்காலம் லாட்ஜ் வாசலில் விறகு அடுக்கி நெருப்பு மூட்டினார்கள். பிறகு ஒரு விளையாட்டு. ஒருவர் கண்ணைக் கட்டிவிட்டு மற்றவர்கள் சுற்றி நின்று கைதட்ட வேண்டும், தட்டுகிற ஆளை அவர் போய்ப் பிடிக்க வேண்டும். என் முறை நெருங்க நெருங்க, விறகு எடுப்பது போல நான் பின்னால் நகர்ந்தேன். கூட்டாளி துண்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். என் மனைவி எழுந்து அதைப் பிடுங்கினாள்.

"அவுருக்கு இன்னா தெரியும்? நான் புடிக்கிறேன் பாரு உங்க எல்லாரையும்."

முதல் தட்டிலேயே கூட்டாளியின் சட்டையைப் பிடித்துவிட்டாள். எல்லோரும் விசில் அடித்தார்கள். இன்னும் ஒரு காலைதான், தப்பித்தோம் என்று நினைத்தேன்.

மறுநாள் விடியும்போது ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே இல்லை. எதிரில் இருந்த மரம்கூட இல்லை. அவ்வளவு பனி. லாட்ஜில் வெந்நீர் வரவில்லை. மார்கழியில் தலைக்கு ஊற்றாமல் கோயிலுக்குப் போக மாட்டாள் என் மனைவி. எங்கள் ஊர் மண்ணூரில் வீட்டுப் பின்னால் வெந்நீர் வைக்கச் சுள்ளி பொறுக்குவது போல நினைத்து, என்னிடம் சொல்லாமலே இறங்கிப் போயிருக்கிறாள். நான் வாசலில் டீயோடு நின்றபோது அவள் குரல் கேட்டது.

"ஏங்க! காலு வழுக்குதுங்க! சீக்கிரம் வாங்க!"

குரல் கேட்டதே தவிர எங்கிருந்து என்று தெரியவில்லை. எல்லாப் பக்கமும் வெள்ளையாக இருந்தது. டீயைப் போட்டுவிட்டு ஓடினேன். பின்னாலிருந்து சூப்பர்வைசர் கத்தினார்.

"அங்கன எங்கண்ணே ஓடுதீய? சத்தம் இந்தப் பக்கம்லா கேக்கு!"

திரும்பி வேறு பக்கம் ஓடினேன். அதுவும் தப்பு. மறுபடி அவள் கூப்பிட்டாள். இந்த முறை குரலில் அழுகை இருந்தது. லாட்ஜுக்குக் கீழே சரிவு என்று முந்தின நாளே பார்த்திருந்தேன். நான் இன்னொரு தடவை தப்பாக ஓடினால் என்ன ஆகும் என்றும் தெரிந்தது. என்னைக் கைதட்டலிலிருந்து காப்பாற்றியவள் கீழே இருக்கிறாள். நின்றேன்.

"சார், எனக்கு வலது காது கேக்காது. எந்தப் பக்கம்னு தெரியல. என் கையப் புட்சி இட்டுகினு போங்க."

 அவர் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார்.

காபிச் செடி ஒன்றை ஒரு கையால் பிடித்தபடி சரிவில் படுத்திருந்தாள். ஈர மண் காலடியில் சரிந்துகொண்டிருந்தது. இன்னொரு கை சுள்ளிக்கட்டை விடவில்லை. "அதைப் போடு!" என்று கத்தினேன். அவ்வளவு சத்தமாக நான் அவளிடம் பேசியதே இல்லை. போட்டாள். இரண்டு பேருமாக இழுத்து மேலே ஏற்றினோம். முழங்கால் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

"அந்தாண்ட இன்னாத்துக்கு ஓடுனீங்க..." என்று ஆரம்பித்தவள் சூப்பர்வைசரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். அவள் ஆசைப்பட்ட புகை மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் வந்துகொண்டிருந்தது.

டீக்கடையில் அவர் என் இடது பக்கமாக வந்து உட்கார்ந்தார்.

"ஃபோர்க்லிஃப்ட் ரிவர்ஸ்ல வரும்போது பீப் அடிக்குமே. எந்தப் பக்கம்னு எப்படிண்ணே தெரியும் ஒங்களுக்கு?"

"எல்லாரும் ஒதுங்குற பக்கம் நானும் ஒதுங்கிக்குவேன் சார்."

அவர் சிரிக்கவில்லை. டீயைக் குடிக்காமல் கிளாஸை உருட்டிக்கொண்டே இருந்தார். "பொங்கல் முடிஞ்சதும் காது டெஸ்ட்டுக்குப் போயிருங்க. அதுவரைக்கும் மெஷின்ல நிக்க வேண்டாம்" என்றார்.

நான் கேட்காததை என் மனைவி கேட்டாள். "அப்பறம் இவுரு வேலை இன்னா ஆவும் சார்?"

"ரிப்போர்ட் வரட்டும்க்கா."

வேன் கிளம்புவதற்குள் விஷயம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. திரும்பும்போது வேனில் கூட்டாளிகூடக் கிண்டல் செய்யவில்லை. அதுதான் எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது.

இப்போது பேக்கிங்கில் அட்டைப்பெட்டி மடிக்கிறேன். எத்தனை நாளைக்கு என்று யாரும் சொல்லவில்லை. டெஸ்ட் நாளைக்கு. கண்ணாடி அறைக்குள் நான் மட்டும்தான் உட்கார வேண்டுமாம், சத்தம் கேட்டால் பட்டனை அமுக்க வேண்டுமாம். இன்று தெருவில் எல்லோரும் ஊர் சுற்றக் கிளம்பிவிட்டார்கள். நாங்கள் போகவில்லை.

"நான் கதவாண்டயே குந்திக்கினு இருக்கேன்" என்கிறாள்.

உள்ளே இடிக்க முழங்கை இருக்காது என்று சொன்னேன். அவள் பதில் சொல்லவில்லை. என் வலது பக்கம் உட்கார்ந்து மெதுவாகச் சொல்லி, காதில் விழவில்லையோ, அதுவும் தெரியவில்லை.

தை 3, காணும் பொங்கல்.