அட்ஜஸ்ட் பண்ணித் தைத்த ஜாக்கெட்

ஜாக்கெட் தைக்கிற வேலையில் ஊசி உடையாத நாள் உண்டு, ‘அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா’ என்று யாராவது சொல்லாத நாள் கிடையாது. மெஷின் மிதிக்கிற தோழிகளே, உங்கள் ஊரிலும் இதே பாடுதானே?

அளவு ஜாக்கெட்

செஞ்சியில் என் கடைக்கு வருகிறவர்கள் டேப் வைத்து அளவெடுக்க விடமாட்டார்கள். பழைய ஜாக்கெட் ஒன்றை மேஜையில் போட்டுவிட்டு, ‘இதே மாதிரி’ என்று போய்விடுவார்கள். தொண்டூர் அஞ்சலை அக்காவும் மகள் கவிதாவின் முகூர்த்த ஜாக்கெட்டுக்கு அப்படித்தான் ஒன்று கொண்டுவந்தார். கவிதா பிளஸ் டூ படிக்கும்போது தைத்ததாம்! இப்போது அவள் சென்னையில் வேலை செய்கிறாள், எந்நேரமும் சுடிதார். பொண்ணை ஒருதரம் கூட்டிவாங்க என்றேன்.

“அவளுக்கு ஏது லீவு? நீ இன்னா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணித் தைக்க மாட்டியா?”

லத்தீன்காரர்கள்

அன்று சாயங்காலம் ஒரு இங்கிலீஷ் மிஸ் தன் ஜாக்கெட்டை வாங்க வந்தார். இந்த ‘அட்ஜஸ்ட்’ என்கிற வார்த்தையை எவன் கண்டுபிடித்தான் மிஸ் என்று கேட்டேன். போனில் தேடினார். லத்தீனில் ‘பக்கத்தில்’ என்கிற சொல்லிலிருந்து வந்ததாம். பக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் முதல் அர்த்தம். சரிசெய்வது, ஒத்துப்போவது எல்லாம் அப்புறம் வந்தவையாம். அப்படியானால் திண்டிவனம் பஸ்ஸில் மூணு பேர் சீட்டில் நாலாவதாக இடித்துக்கொண்டு உட்காருகிறவர்கள், சரியான பழைய அர்த்தத்தில்தான் அட்ஜஸ்ட் பண்ணச் சொல்கிறார்கள்! மிஸ் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்தார்.

“அதெல்லாம் சரி, கை டைட்டா இருக்குது. அட்ஜஸ்ட் பண்ணிக் குடும்மா.”

கொக்கி எட்டவில்லை

கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில்தான் கவிதா வந்தாள். நான் உஷாராக உள்ளே கூடுதல் துணி மடித்துத் தைத்திருந்தேன். அத்தனை தையலையும் பிரித்துவிட்டும் கொக்கி எட்டவில்லை. புடவையோடு வந்த துணி, வேறு துண்டும் இல்லை. மாப்பிள்ளை வீட்டில் ஏற்கெனவே ‘பொண்ணு குண்டு’ என்று பேச்சாம். மேடையில் கொக்கி தெறித்தால் ஆயுசுக்கும் அதையே சொல்வார்கள் என்று கவிதா அழுதாள். அஞ்சலை அக்காவுக்கு ஆத்திரம்.

“விடியற வரைக்கும் பட்டினி கிடடி, உடம்பு தானா அட்ஜஸ்ட் ஆயிடும்!”

முகூர்த்தப் பட்டில் கத்தரி

மடியிலிருந்த என் கைக்குழந்தையைக் கவிதாவிடம் கொடுத்துவிட்டு முகூர்த்தப் புடவையைப் பிரித்தேன். இடுப்பில் செருகுகிற ஓரத்தில் கத்தரியை வைத்ததும் அஞ்சலை அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். “தாலி ஏறுறதுக்கு முன்னாடி முகூர்த்தப் பட்டை வெட்டுறதா? உனக்குப் புத்தி இருக்குதா?”

எனக்கும் பயம்தான். கவிதாதான் குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, “வெட்டுக்கா. கட்டிக்கப் போறவ நான்தானே?” என்றாள்.

வெட்டினேன். அக்குளுக்குக் கீழே இரண்டு பக்கமும் வெட்டிய துணியைப் பட்டையாக வைத்துச் சேர்த்தேன். கையை இறக்கினால் ஒட்டு தெரியவில்லை. கவிதா கொக்கியை மாட்டி, மாலை வாங்குவதுபோலக் குனிந்து நிமிர்ந்து, அம்மாவைப் பார்த்தாள்.

“யம்மா, மூச்சு விட முடியுது. இப்ப சோறு போடு.”

ஆளைத் துணிக்கு அட்ஜஸ்ட் ஆகச் சொல்கிற உலகத்தில், துணியை ஆளுக்கு அட்ஜஸ்ட் பண்ணியே நம் பிழைப்பு ஓடுகிறது, தோழிகளே.