அடுப்பை அணைச்சேனா?

முகாமில் கூடாரம் போட்டுத் தங்கியிருந்த நான்கு நண்பர்களும் காலையிலேயே ஏரிக்குக் கிளம்பினார்கள். கரையில் துண்டை விரித்ததிலிருந்து நால்வரில் ஒருவரான கேன்டீன் மாஸ்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை. இருபது வருடமாகத் தொழிற்சாலையில் இருநூறு பேருக்குச் சமைத்துக் கொட்டிவிட்டு, அடுப்பை மூன்று முறை பார்த்த பிறகே வீட்டுக்குப் போகிற ஆள். இன்றைக்குக் கூடாரத்து அடுப்பை அணைத்தோமா என்பது மட்டும் நினைவுக்கு வந்து தொலைக்கவில்லை.

“டீ போட்டதும் அணைச்சேனாப்பா?” என்று பக்கத்தில் படுத்திருந்த நண்பர் பஸ் டிரைவரிடம் நாலாவது தடவையாகக் கேட்டார்.

“அணைச்சிருப்பீங்க மாஸ்டர். சும்மா படுங்க.”

அந்தச் சந்தேகப் பதில் அவருக்குப் போதவில்லை. சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டியபடியே எழுந்து, வந்த வழியில் இரண்டு மைல் ஓடினார். கூடாரத்தில் சிலிண்டர் இருந்தது. அதன் தலையில் ரெகுலேட்டரைக் காணோம். அடுப்புக் கவலை இறங்கி, திருட்டுக் கவலை ஏறிக்கொண்டது. பக்கத்துக் கூடாரங்களை எல்லாம் முறைத்துவிட்டு மறுபடியும் ஏரிக்கு ஓடிவந்தார்.

“எவனோ ரெகுலேட்டரைக் கழட்டிட்டுப் போயிட்டான்,” என்றார் மூச்சிரைக்க. “விளங்குவானா அவன்?”

மற்ற மூவரும் பசியில் காதடைத்துக் கிடந்தார்கள். சாப்பாடு மாஸ்டரோடு ஓடிப்போய் ஒன்றரை மணி நேரமாகியிருந்தது. டிரைவர் சாப்பாட்டுப் பைக்குள் கையை விட்டார். கேன்டீனைப் பூட்டும்போது தினமும் கழற்றிப் பையில் போட்டுக்கொள்கிற பழக்கத்தில் மாஸ்டரே வைத்திருந்த ரெகுலேட்டர், ரொட்டிக்கு அடியில் கிடந்தது.

டிரைவர் அதை எடுத்து மாஸ்டரின் தட்டில் வைத்தார்.

“இதுக்குத் தொட்டுக்க என்ன வச்சிருக்கீங்க மாஸ்டர்?”