அனீஸா பார்க்காத ஆறு

பாபநாசத்து அனீஸாவுக்கு லடாக்கில் ஓடும் ஓர் ஆற்றின் நுண்ணுயிர்களை ஒவ்வொன்றாகத் தெரியும். ஆற்றை மட்டும் தெரியாது. தஞ்சாவூரில் உள்ள எங்கள் ஆய்வுக்கூடத்திலிருந்து யாராவது போய்த் தண்ணீர் கொண்டுவருவோம். அதில் இருப்பவற்றை அவள் சின்னக் கண்ணாடித் தட்டுகளில் வளர்த்துப் பார்ப்பாள். பனி உருகி வரும் இடத்தில் குளிர் அதிகம், இரை குறைவு, அதனால் சில வகைகள்தான். வெயில் சுட்டெரிக்கும் திட்டுகளில் மஞ்சளும் ஆரஞ்சுமாய் நிறம் பூசிக்கொண்டவை. ஊர்ச் சாக்கடை கலந்த பிறகு, நம் வயிற்றுக்குள் குடியிருக்கும் அதே ஆசாமிகள்.

2012 அக்டோபரில் மின்வெட்டு எங்களைப் பிழிந்தெடுத்தது. சவூதியில் வேலை பார்க்கும் கணவர் ஜாஃபர் சாதிக் வாங்கிப்போட்ட ஜெனரேட்டர் இருக்கிறதே என்று, அனீஸா தட்டுகளை மூடி ஒட்டி வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தாள். செய்யக் கூடாத வேலைதான், வேறு வழி? ஹஜ்ஜுப் பெருநாளன்று குர்பானி கொடுத்த ஆட்டின் கறி குவிந்தது. உறவுக்காரர்களின் பங்கை வைக்க இடமில்லாமல், மாமியார் ஹபீபுன்னிசா தட்டுகளை எடுத்துச் சமையல் மேடையில் அடுக்கிவிட்டார். விருந்து மும்முரத்தில் அனீஸா மறுநாள்தான் பார்த்தாள். குளிரில் பிறந்தவை நம் ஊர் வெக்கையில் செத்துப்போயிருந்தன. வெக்கை தாங்கிய ஒன்றிரண்டு வகைகள் மட்டும் தட்டு முழுக்கப் பரவியிருந்தன.

மறுபடி தண்ணீர் வேண்டும். பனி விலகிப் பாதை திறப்பது ஜூன் வாக்கில். ஆய்வுக்கான பணமும் அந்த மாதத்தோடு முடிகிறது. "இந்தத் தடவை நானும் போறேன்" என்றாள் அனீஸா. மாமியார் முந்திக்கொண்டார். "போயிட்டு வா புள்ள. என்னாலதானே எல்லாம் வீணாப்போச்சு. அவன்கிட்ட நான் பேசிக்கிறேன்." எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இரண்டு பேருக்கும் டிக்கெட் போட்டேன்.

மே மாதம் ஜாஃபர் போன் செய்தார். "அனீஸா, லீவு கிடைச்சிருச்சு! ஜூன் மாசம் முழுக்க அங்கதான்."

அவள் லடாக்கைச் சொன்னாள்.

"பாஸ்போர்ட் முதலாளிகிட்ட இருக்கும்மா. அவனா விட்டாத்தான் உண்டு, லீவை மாத்த முடியாது. ரெண்டு வருஷம் கழிச்சு வர்றேன், நீ இருக்க மாட்டியா?"

"இருப்பேன் மச்சான்."

கெட்ட மனிதர் என்றால் திட்டித் தீர்த்திருப்பேன். அவரும் மாட்டிக்கொண்டவர்தான். அதனாலேயே எனக்கு ஆத்திரம் ஆறவில்லை.

தனியாகத்தான் போனேன். ஆற்றங்கரையிலிருந்து அவளைப் போனில் கூப்பிட்டு, வெப்பமானி காட்டியதைச் சொன்னேன். "மூணு டிகிரிடி."

"அது அவ்வளவுதான் இருக்கும், எனக்குத் தெரியாதா?" என்றாள். பின்னால் ஜாஃபர் யாருடனோ சிரித்துப் பேசுவது கேட்டது. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"கையை உள்ள விட்டா எப்படி இருக்கு?"

விட்டேன். விரல்கள் மரத்து வலித்தன. அதை அவளிடம் சொல்ல வாயெடுத்தால் அழுகைதான் வந்தது.