நீல ஃபில்டரில் எடுக்காத வால்நட்சத்திரம்

ஆடி மாதத்தில் எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஏழாம் மாதத்திலேயே, உயிரில்லாமல். ஆபரேஷன் மயக்கத்தில் இருந்த என் மனைவிக்கு அதைக் காட்ட வேண்டாம் என்று பெரியவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். நான் மட்டும்தான் பார்த்தேன். அதற்குப் பிறகு அவள் வாசலைத் தாண்டவில்லை. என்னிடம் பேசியதெல்லாம் சோறு, குழம்பு பற்றி மட்டும்தான்.

ஐப்பசியில் மேற்கே வால்நட்சத்திரம் தெரிந்தது. சேதராப்பட்டு கம்பெனியில் காலை ஷிஃப்ட் முடித்து பாகூரில் வீட்டுக்கு வந்து, சின்ன டெலஸ்கோப்பையும் கேமராவையும் பைக்கில் கட்டிக்கொண்டிருந்தேன்.

"நானும் வரேன்" என்றாள்.

குருவிநத்தம் ஆற்றங்கரையில் மேற்கு வானம் மறைப்பில்லாமல் கிடக்கும். பொழுது சாய்ந்ததும் டெலஸ்கோப்பை நிறுத்தினேன். வயலிலிருந்து திரும்பிய ஒருவர் மொபெட்டை நிறுத்தி, "இன்னாபா, ரோடு அளக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவள் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

என் கேமரா கருப்பு வெள்ளையில்தான் எடுக்கும். சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு ஃபில்டராக மாற்றி எடுத்து, பிறகு கம்ப்யூட்டரில் மூன்றையும் சேர்த்தால்தான் கலர் கிடைக்கும். சிவப்பில் எடுத்து முடித்தேன். லேப்டாப்பில் வெள்ளையாக ஒரு தலையும், மேலே நீண்ட வாலும் வந்தன. பச்சைக்கு மாற்றினேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது மறுபடியும் எப்ப வரும்?"

"வராதும்மா. நாம இருக்கிற வரைக்கும் வராது."

வழக்கமாக எல்லோரிடமும் சொல்வதைத்தான் சொன்னேன். சொன்ன பிறகுதான் நெஞ்சில் உறைத்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரும்பாமலே கேட்டாள்.

"நீங்க பாத்தீங்கல்ல. அவ யாரு மாதிரி இருந்தா?"

அத்தனை நாளும் அவள் இதைக் கேட்டதில்லை. கேட்டுவிடுவாளோ என்று நானும் பயந்துகொண்டுதான் இருந்தேன்.

"உன்ன மாதிரிதான். நெத்தி அப்படியே உன்னுது. தல நிறைய முடி."

"கண்ணு?"

"மூடி இருந்துச்சு. தூங்குற மாதிரி."

"தூக்குனீங்களா?"

"தூக்குனேன். சூடு இருந்துச்சு."

அவள் ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு அழுதாள். நான் கேமராவை விட்டுவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரியில் வராத அழுகை எனக்கும் அங்கேதான் வந்தது. நாங்கள் தலை நிமிர்ந்தபோது வால்நட்சத்திரம் பனைமரங்களுக்குப் பின்னால் இறங்கியிருந்தது. நீல ஃபில்டரில் ஒரு படமும் எடுக்கவில்லை.

மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. பல நாள் கழித்து மழை விட்டு வானம் வெளுத்தபோது வால்நட்சத்திரம் மங்கிப்போயிருந்தது. இருக்கிற இரண்டு நிறத்தை வைத்து மூன்றாவதை ஒப்பேற்ற வழி உண்டு. எனக்கு மனம் வரவில்லை.

இப்போது வீட்டில் எங்கள் மகளைப் பற்றிப் பேசுகிறோம். பேச்சை முடிக்கும் முன்பே எங்களில் ஒருவர் எழுந்து போய்விடுவது உண்டு. ஆனாலும் பேசுகிறோம்.