வளைந்து ஏறிய கட்டில்

ரயில் பணிமனை பிட்டருக்குக் கல்யாணமான புதிதில் வந்த ஒரே சிக்கல், மனைவியின் கட்டில். அவள் அம்மா கொடுத்தது, கழற்றவே முடியாதது. புது வீட்டு மாடிப்படியோ பாதியில் சட்டென்று திரும்பியது.

"கட்டில் ஏறினா நானும் ஏறுவேன். இல்லேன்னா அம்மா வீடுதான்," என்று தெருவில் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள்.

பிட்டர் பழுதுபார்ப்பது 2-6-6-2 எஞ்சின்கள். முன்னே இரண்டு சக்கரம், நடுவில் ஆறும் ஆறும், பின்னே இரண்டு. ஒரே நீளக் கொதிகலனுக்கு அடியில் சக்கரங்கள் இரண்டு கூட்டமாக இருக்கும்; மலை வளைவில் முன்கூட்டம் மட்டும் ஒரு முளையில் தனியாகத் திரும்பும். அவருக்குப் பொறி தட்டியது. அவள் கண்ணைப் பொத்திக்கொள்ள, கட்டிலைக் குறுக்கே அறுத்தார்; நடுவில் நாலு கால் சேர்த்து, இரும்பு முளை போட்டு இணைத்தார்.

"2-2-2-2! இப்போ பாரு!"

கட்டில் நெளிந்து படியேறியது. மனைவியும் ஏறிப் படுத்தாள். புரண்டதும் கால்பக்கம் சர்ரென்று இடப்பக்கம் வாசலைப் பார்த்துத் திரும்பியது.

"ஏங்க, இதுக்குப் பூட்டு இல்லையா?"

"எஞ்சினுக்கே கிடையாதே! நல்லாத்தானே ஓடுது?"

"அது ஓடட்டும். நான் தூங்கணும்ல!"

சொல்லும்போதே சிரித்துவிட்டாள், அம்மா வீட்டுப் பேச்சு அதோடு போயிற்று. அந்தக் கட்டிலில் வளர்ந்த மூன்று பிள்ளைகளும் இன்றுவரை இடப்பக்கம் வளைந்துதான் தூங்குகிறார்கள்.