பெட்டியில் வந்த பதினொரு இசைத்தட்டுகள்

நான் இருக்கும் ஜெர்மானிய ஊரில் ஞாயிற்றுக்கிழமை காலிப் பாட்டிலைத் தெருமுனைத் தொட்டியில் போடக்கூடாது. கண்ணாடி உடையும் சத்தம் அடுத்தவர் ஓய்வைக் கெடுக்குமாம். மைக் செட் அலறாத கல்யாணத்தைக் கல்யாணமாகவே மதிக்காத ராஜபாளையத்திலிருந்து வந்தவளுக்கு இது பிடிபட ஒரு வருடம் ஆனது. பிடிபட்ட பிறகும் ஞாயிறு மாலை இசைத்தட்டு போடுவதை நான் நிறுத்தவில்லை. அறைக்குள் அடங்குகிற சத்தத்துக்குத் தடை இல்லை என்று குடியிருப்பு விதியில் இருக்கிறது. அகராதியை வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்துவிட்டேன். போன மாதம் கீழ்வீட்டு அம்மாள் கதவைத் தட்டியபோது அந்த விதித்தாளைக் கையில் எடுத்துக்கொண்டுதான் திறந்தேன். அவர் "நாடெல்" என்றார். எந்த நாடு என்று கேட்கிறார் போலும் என்று "இந்தியா" என்றேன். அவர் தலையை அசைத்து மறுபடியும் "நாடெல்" என்றார். நானும் விடாமல், இன்னும் உரக்க, "இந்தியா" என்றேன். கடைசியில் அவர் உள்ளே வந்து பிளேயரின் ஊசியைத் தொட்டுக் காட்டினார். நாடெல் என்றால் ஊசி. அது தேய்ந்து தட்டைக் கீறுகிறது, கரகரப்பு கீழே வரை கேட்கிறது என்று சொல்லத்தான் வந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் தாளோடு கதவைத் திறந்ததற்கு வெட்கப்படவில்லை. இந்தத் தட்டுகளுக்காகச் சண்டைக்கு நின்று பழகியவள் நான்.

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் டைப்பிஸ்டாக இருந்தேன். கேசட் வந்து, எல்லோரும் ரெக்கார்டைக் கழித்துக் கட்டிய காலம். பக்கத்து மேஜையில் செல்வி, ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. அவள் அப்பா மைக் செட் தொழிலை விட்டதால் வீட்டில் ஒரு பிளேயர் சும்மா கிடந்தது. கடைகள் ஒதுக்கித் தள்ளிய எல்பி ரெக்கார்டுகளைத் தேடித் தேடி வாங்கும் கிறுக்கு எனக்கு இருந்தது. சனிக்கிழமை மதியம் வேலை முடிந்ததும் தட்டுகளைத் துணிப்பையில் செருகிக்கொண்டு அவளோடு பஸ் ஏறுவேன். போகப் போக ஒரு நர்ஸும் ஒரு டீச்சரும் தங்களுக்குப் பிடித்த தட்டுகளோடு வரத் தொடங்கினார்கள். மாற்றிக்கொள்வோம், ஒரு வாரம் வைத்திருந்து திருப்புவோம். யாருடைய தட்டு ஓடுகிறதோ, அது முடியும்வரை மற்றவர்கள் பேசக்கூடாது. வீட்டிலும் வேலையிலும் யார் யாருக்காகவோ வாயை மூடியிருந்த எங்களுக்கு, பாட்டுக்காக மூடியிருப்பது எவ்வளவோ மேலாக இருந்தது.

ஆலங்குளத்தில் வேலை பார்த்த என் அண்ணன் ஒருமுறை லீவில் வந்தான். அன்று மாலை நான் வீடு திரும்பியபோது அலமாரியில் தட்டுகள் இல்லை. பொம்பளைப் பிள்ளை ரெக்கார்டைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் அலைவதாக ஊர் பேசுகிறதாம். எல்லாவற்றையும் மம்சாபுரத்துப் பழைய சாமான் கடைக்குக் கொடுத்துவிட்டான். செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே திரும்பிப் போய் பஸ் பிடித்தேன். அங்கே கடைக்காரரின் மனைவி ஒரு தட்டை வெந்நீரில் முக்கிக் கிண்ணமாக வளைத்துக்கொண்டிருந்தார், ஷோகேஸில் பூ வைப்பதற்கு. அதற்குள் மூன்று கிண்ணங்கள் ஆகியிருந்தன. மீதியை அள்ளினேன். அண்ணன் வந்து சொல்லாமல் தரமாட்டேன் என்றார் கடைக்காரர். இவை என் சம்பளத்தில் நான் வாங்கியவை, வேண்டுமானால் ஊரைக் கூட்டுங்கள் என்று சொல்லிவிட்டு நடந்தேன். அவர் கூட்டவில்லை.

வீட்டில் அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கூடத்தின் நடுவே தட்டுகளை அடுக்கி வைத்தேன்.

"அண்ணே, இன்னொரு தடவ இதத் தொட்டா, நான் இம்புட்டையும் தூக்கிக்கிட்டு செல்வி வீட்டுக்கே போயிருவேன். பொறவு ஊரு என்ன பேசுதுன்னு நீயே கேட்டுக்கோ."

அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா அவனுக்குக் குழம்பு ஊற்றியபடியே சொன்னார்: "அவ சொன்னா போவா. நீ சாப்பிடு."

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி இங்கே கிளம்பினேன். இங்கே அச்சகத்தில் வேலை பார்க்கும் கணவர், தட்டுகளைச் சுமந்து வர வேண்டாம் என்று எழுதியிருந்தார். பட்டுப் புடவைகளை வெளியே எடுத்துவிட்டுப் பெட்டியில் பதினொரு தட்டுகளை வைத்தேன். மற்றவை செல்விக்கு. பிரிக்கும்போது இரண்டு தட்டுகளாக வந்த ஒரு நாதஸ்வரக் கச்சேரி கையில் வந்தது. முதல் தட்டு முழுக்க ஆலாபனை, இரண்டாவதில் கீர்த்தனை.

"ஏட்டி, ஜோடியப் பிரிக்காத. ரெண்டையும் கொண்டு போ" என்றாள் செல்வி.

"முடியாது. ஒண்ணு இங்கனயே கிடக்கட்டும். நான் அங்க வாழப் போறேன், இங்க இருந்து அத்துக்கிட்டுப் போகல" என்றேன்.

சிடி வந்துவிட்டதே, இதை ஏன் கட்டிக்கொண்டு அழுகிறாய் என்று ஊரிலிருந்து வருகிறவர்கள் கேட்கிறார்கள். இங்குள்ள நம்மவர்களும் அதையேதான் கேட்கிறார்கள். யாருக்கும் நான் காரணம் சொல்வதில்லை. ஞாயிறு மாலை அந்த முதல் தட்டைப் போட்டுவிட்டு உட்காருகிறேன். ஆலாபனை ஏறி, இறங்கி, தவிலில் கை விழவேண்டிய இடத்தில் தட்டு முடிந்துவிடுகிறது. கீர்த்தனை ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது.